நேர்த்தி முடித்த கை

என் மகனின் வலக் கை ஐஸ் தொழிற்சாலையில் மெசின் பெல்ட்டுக்குள் போனபோது அவனுக்கு இருபத்திரண்டு வயது. கையை எடுக்க வேண்டி வரலாம் என்று முதலில் சொன்னார்கள். பிறகு எடுக்கவில்லை, தைத்தார்கள். கட்டு அவிழ்த்தபோது கை இருந்தது. விரல்கள்தான் மடங்கவில்லை.

நாங்கள் அப்போது சரவணையில் இருந்தோம். நான் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தேன், அவன் தகப்பனுக்குப் புகையிலைத் தோட்டம். நட்டஈடு என்று ஒன்று இருப்பதைத் தொழில் கந்தோர் உத்தியோகத்தர்தான் எனக்கு விளக்கினார். காயம் ஆறி மாறிக்கொண்டிருக்கும்வரை அரைச் சம்பளம் வரும். இனி இந்தக் கை இப்படித்தான், இதற்குமேல் மாறாது என்று டொக்டர் எழுதினால், இழந்தது எவ்வளவோ அதற்கு நட்டஈடு கிடைக்கும். சுகமாகிவிட்டது என்று எழுதினால் ஒன்றும் இல்லை, திரும்ப மெசினடிக்குப் போக வேண்டும்.

"அப்ப மாறினாலும் பிழை, மாறிக்கொண்டிருந்தாலும் பிழையோ?" என்று கேட்டேன்.

"பிழையெண்டில்லை ரீச்சர். கை எங்க வந்து நிக்குது எண்டு தெரியவேணும்."

ஆனால் கை ஓரிடத்தில் நிற்கவில்லை. டொக்டர் பந்து ஒன்றை அமத்திப் பழகச் சொல்லியிருந்தார். அவன் விறாந்தையில் இருந்து அமத்துவான். ஒரு விரல் கொஞ்சம் அசைந்தால் எனக்கு வயிறு குளிரும். அடுத்த கணமே இதைத் தொழிற்சாலைக்காரர் யாராவது பார்த்தால் என்று படலையை எட்டிப் பார்ப்பேன். பெற்ற பிள்ளையின் விரல் அசைவதைப் பார்த்துப் பயப்படுகிற தாயாக ஆகிவிட்டேன்.

ஒருநாள் பந்தைக் காணவில்லை.

"அலுமாரிக்கு மேல வைச்சிட்டன்" என்றான். "கொஞ்சம் மடங்கினாலே சுகம் எண்டு எழுதிப்போடுவினம் அம்மா. அரைகுறையா மடங்கிற விரலோட அந்த பெல்ட்டுக்குக் கிட்டப் போக என்னால ஏலாது. காசு வந்தா சந்தியில ஒரு பெட்டிக்கடை போடலாம். கடைக்கு ஒரு கை காணும்."

தகப்பன் எழும்பிப் போய்ப் பந்தை எடுத்து அவனை நோக்கி எறிந்தார். "பிடியடா!" அவன் இடக் கையால் பிடித்தான். "பாத்தீங்களோ அப்பா, கடைக்குக் காணும்" என்றான். மூன்று பேரும் சிரித்தோம். பந்து திரும்ப அலுமாரிக்கு மேலே போனது. நானும் அதை எடுத்துக் கொடுக்கவில்லை.

கையை எடுக்க வேண்டி வரலாம் என்று சொன்ன அன்று, ஆஸ்பத்திரி வாசலில் நின்று நயினாதீவு அம்மனுக்கு நேர்த்தி வைத்திருந்தேன். கையைத் தா தாயே, வெள்ளியில் ஒரு கை செய்து வைப்பேன், அவன் உன் வீதியில் பிரதட்டை அடிப்பான் என்று. திருவிழா நெருங்கியபோது குசினிக்குள் தண்ணிக்குடத்தடியில் ஒரு பாம்பு சுருண்டு கிடந்தது. நயினாதீவு அம்மன் நாகத்தின் அம்மன். எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டு அக்கா சாதாரணமாகத்தான் கேட்டா.

"அம்மனுக்கு நேர்த்தி ஏதும் கிடக்கோ ரீச்சர்?"

அதன்பிறகு எனக்கு நித்திரை இல்லை. சண்டை நடந்த அந்த வருடங்களில் அடுத்த திருவிழாவுக்கு நயினாதீவுக்கு லோஞ்சு ஓடுமா, பாதை திறந்திருக்குமா என்று யாராலும் சொல்ல முடியாது. இந்த முறையே முடித்துவிடுவோம் என்றேன்.

"கை இன்னும் முழுசா வரேல்லையே" என்றார் அவன் தகப்பன். "அரைச் சுகத்துக்கு அரைக் கை செய்து வைக்கிறதோ?"

"அம்மனோட பகிடி விடாதேங்கோ."

வெள்ளிக் கையை அம்மன் சந்நிதியில் வைத்துவிட்டு வந்தபோது வெளிவீதி மணல் கொதித்தது. பிரதட்டை அடிப்பவர்கள் இரண்டு கையையும் தலைக்கு மேலே கூப்பிக்கொண்டு உருள வேண்டும். அவனுடைய வலக் கை கூப்பி நிற்காது. அதனால் இரண்டு கையையும் சேர்த்து அவனுடைய சால்வையால் நான்தான் கட்டிவிட்டேன். ஒரு சுற்று முடித்து உடம்பெல்லாம் மணலோடு எழும்பியபோது எதிரே தொழிற்சாலைக் கிளாக்கர் நின்றார். புளியங்கூடல்காரர். கையில் அர்ச்சனைத் தட்டு, நெற்றி நிறையத் திருநீறு.

"சந்தோசம் ரீச்சர். அம்மன் கண் திறந்திட்டா."

"ஓம் அண்ணை, எல்லாம் அவவின்ர கிருபை" என்று நானும் கும்பிட்டேன். கோயில் வீதியில் வேறு என்ன சொல்ல?

அடுத்த மாதம் அரைச் சம்பளம் வரவில்லை. தொழிற்சாலைக்குப் போனேன். கிளாக்கர் கதிரையை இழுத்துப் போட்டு இருக்கச் சொன்னார்.

"சுகம் வந்தபடியால்தானே ரீச்சர் நேர்த்தி முடிச்சனீங்கள்?"

"விரல் மடங்காது அண்ணை. வீட்டை வந்து பாருங்கோ."

"தலைக்கு மேல கூப்பிக்கொண்டு உருண்டவர். என்ர கண்ணால பாத்தனான்."

"அது நான் கட்டிவிட்டது."

அவர் முதலாளியின் அறைப் பக்கம் ஒருமுறை பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "அப்ப அம்மன் தரேல்லை எண்டு எழுதித் தாறியளோ? நான் முதலாளியிட்டக் குடுக்கிறன்."

அவர் என்னை மடக்கக் கேட்கவில்லை, உண்மையாகவே நம்பினார். அதுதான் என்னை அசைய விடாமல் செய்தது. தரவில்லை என்று எழுதினால் அவனுக்கு மிச்சம் இருக்கிற கைக்கு என்ன வருமோ என்று பயம். தந்துவிட்டா என்று சொன்னால் நாளைக்கே அவன் மெசினடியில் நிற்க வேண்டும். எழுதாமலே எழும்பி வந்தேன்.

தொழில் கந்தோர் உத்தியோகத்தர் இரண்டு பக்கத்தையும் கேட்டார். "கோயில் விசயத்தை நான் விசாரிக்க ஏலாது. டொக்டர் சொல்லட்டும்" என்று எங்களைத் திரும்ப ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்.

பஸ் மண்டைதீவுச் சந்தியில் சோதனைக்கு நின்றபோது மகன் மெதுவாகக் கேட்டான்.

"மடக்கச் சொன்னா எவ்வளவு மடக்கிறது அம்மா?"

"ஏலுமான அளவு மடக்கு."

சொன்னபின் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கடலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

டொக்டர் ஒரு கோப்பையைப் பிடிக்கச் சொன்னார், பூட்டில் திறப்பைப் போட்டுத் திருப்பச் சொன்னார், சேட்டுப் பொத்தானைப் பூட்டச் சொன்னார். அவன் நடிக்கவில்லை. நெற்றி வியர்க்க வியர்க்க முயன்றான். கோப்பை சாய்ந்தது, திறப்பு கீழே விழுந்தது. நான் சுவரோடு நின்றேன். மடங்க வேண்டும் என்று கும்பிடுவதா, மடங்கக் கூடாது என்று கும்பிடுவதா என்று தெரியாமல் அம்மனின் பேரை மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"பந்து அமத்திப் பழகினனீரோ?"

"இடையில விட்டிட்டன் ஐயா."

"விடாமல் செய்திருந்தால்?" என்று நான் கேட்டேன்.

"இப்ப சொல்ல ஏலாது அம்மா. கொஞ்சம் வந்திருக்கலாம், வராமலும் விட்டிருக்கலாம். இனி வராது. அப்படித்தான் எழுதப் போறன்."

மகன் கதிரையில் முன்னுக்கு வந்தான். "இனி மாறவே மாறாதோ ஐயா?"

"மாறாது தம்பி."

"நிச்சயமோ?"

டொக்டர் பேனையை நிறுத்தி அவனைப் பார்த்தார். இப்படி ஆசையோடு அந்தக் கேள்வியைக் கேட்டவர்களை அவர் அதிகம் கண்டிருக்க மாட்டார். "நிச்சயம்" என்றார்.

வெளியே நடையில், டொக்டர் தந்த தாளை இடக் கையில் பிடித்துக்கொண்டு மகன் எனக்கு முன்னால் நடந்தான். கதவடியில் திரும்பிப் பார்த்தான்.

"அழாதேங்கோ அம்மா. கிளாக்கர் கண்டால் அம்மன் தரேல்லையெண்டு நினைச்சுப்போடுவார்."