நனையாமல் தேயும் பனி

மா கல்யாணி இறந்த செய்தியை அவருடைய தம்பிதான் கொண்டுவந்தார். ரங்கூனின் மறுகோடியான தாகேதாவிலிருந்து இன்சீனில் என் வீடு வரை வந்தவர், செருப்பைக் கழற்றாமல் வாசலிலேயே நின்றார். என்னிடம் எப்போதும் பர்மியில் பேசுகிறவர் அன்று தமிழில், “அக்கா போயிட்டாங்க” என்றார். கையில் ஒரு காகிதக் கட்டு இருந்தது. மா கல்யாணி நோயில் கிடந்தது எனக்குத் தெரியும். போய்ப் பார்க்கவில்லை.

புவியியல் துறையில் எங்கள் மேசைகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. பர்மிய வழக்கப்படி நான் அவரை ‘மா’ என்றும் அவர் என்னை ‘கோ’ என்றும் மரியாதையாக அழைப்போம். மாணவர்கள் அவரை ஆசிரியை என்ற பொருளில் சயாமா என்பார்கள். பனிமலை எதையும் நேரில் பார்த்ததில்லை. ஆனால் பூமத்திய ரேகையை ஒட்டிய மலைகளின் பனியாறுகளைப் பற்றி, உடம்பு சரியில்லாத சொந்தக்காரர்களைப் பற்றிப் பேசுவதுபோலத்தான் கவலையோடு பேசுவார். நாங்கள் கேலி செய்வோம். அவரும் சேர்ந்து சிரிப்பார்.

தபால்வழி மாணவர்களுக்கான பாடக்குறிப்பில், வெப்பம் கூடுவதால் வெப்பமண்டலப் பனியாறுகள் எல்லாம் ஒரே விதமாக உருகுகின்றன என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அது தப்பு என்றார் அவர். நியூகினியில் பனி விழ வேண்டிய உயரத்தில் மழை விழுந்து பனிக்கட்டியைக் கரைக்கிறது. ஆண்டிஸில் ரேகைக்கு அருகே ஆண்டு முழுவதும் உருகும். தெற்கே தள்ளிப் போனால் மழைக்காலத்தில்தான் அதிகம் உருகும். கிளிமஞ்சாரோ உச்சியிலோ காற்று வறண்டது; அங்கே பனியில் பெரும்பகுதி நீராகாமலே காற்றோடு போய்விடுகிறது. நான் நம்பவில்லை.

மறுநாள் அம்மன் கோயிலிலிருந்து ஒரு கற்பூரத் துண்டைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். சில நாளில் அது பாதியானது. மேசையில் ஈரமே இல்லை.

“பாருங்க கோ யூசுஃப், ஒரு சொட்டுத் தண்ணி இல்ல. சாவு ஒண்ணுதான், நோவு வேற வேற. நோவு என்னன்னு பாக்க வேணாமா?”

ஆனால் அந்தப் பாடக்குறிப்புக்கு ஸ்டென்சில் வெட்டிப் பிரதிகளும் எடுத்தாகிவிட்டது. மறுபடி வெட்டினால் துறைத்தலைவரிடம் தப்பை ஒப்புக்கொள்ள வேண்டும். எனக்கு வீம்பு. எல்லோர் முன்னாலும், “ரங்கூன் வெயில்ல உக்காந்துகிட்டு உங்களுக்கு எதுக்குப் பனி ஆராய்ச்சி?” என்று கேட்டுவிட்டேன். பிரதிகளை உறையிலிட்டு அனுப்புவது அவருடைய வேலை. அத்தனையையும் அள்ளிக்கொண்டு தன் மேசைக்குப் போனார்.

அதன்பின் வேலை விஷயம் மட்டும் பேசிக்கொண்டோம். அவர் சொன்னதே சரி என்று பின்னால் படித்துத் தெரிந்துகொண்டேன். நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று நான்கு வருடங்களைக் கடத்தினேன். இடையில் மாவ்பி ஊரிலிருந்து வந்த தபால்வழி மாணவி ஒருத்தி, என் தப்பை நானே கைப்படத் திருத்தி அனுப்பியதைப் புகழ்ந்தாள். வேறு யாரையோ நினைத்துச் சொல்கிறாள் என்று எண்ணித் தலையாட்டி வைத்தேன்.

“இத உங்ககிட்ட குடுக்கச் சொன்னாங்க” என்று தம்பி கட்டை நீட்டினார். அனுப்பியதுபோக மிஞ்சிய பிரதிகள். ஒவ்வொன்றிலும் என் வரி அடிக்கப்பட்டு, மேலே சிறிய எழுத்தில் சரியான செய்தி எழுதப்பட்டிருந்தது. எல்லாம் மா கல்யாணியின் கையெழுத்து. ஒவ்வொரு தாளின் அடியிலும், ‘பிழைக்கு வருந்துகிறேன். திருத்தியது பாட ஆசிரியர்’ என்று எழுதி, என் பெயரைப் போட்டிருந்தார்.

தம்பி போகும்வரைகூட என்னால் அழுகையை அடக்க முடியவில்லை. அந்தத் தாள்களில் ஒன்றை வைத்திருக்கிறேன். அவரிடம் நான் கேட்டிருக்க வேண்டிய மன்னிப்பு அதில் இருக்கிறது. அதையும் அவரே எழுதிவிட்டார்.