உப்பில் வைத்த பிடில்

எங்கள் நைனா கப்பலில் சமையல் வேலைக்குப் போனபோது, மாதா கோயிலில் வாசித்துவந்த பிடிலை வீட்டிலேயே விட்டுப் போனார். கடல் காற்று அதற்கு ஆகாதாம். ராயபுரத்தில் எங்கள் வீட்டு வாசலுக்கே அலை வரும் என்பதை அவர் யோசிக்கவில்லை.

ஒவ்வொரு கடிதத்திலும் பிடிலைத்தான் விசாரிப்பார். அம்மாவுக்கு எழுத்துத் தெரியாது; மூன்றாம் வகுப்பில் இருந்த நான்தான் படித்துக் காட்டுவேன். மேல்காற்றில் மரம் சுருங்கும், பெட்டிக்குள் ஈரத்துணி வை. மழையில் ஊதும், தந்தியைத் தளர்த்து, தினம் துடை. அம்மா எப்படி இருக்கிறாள் என்று ஒரு வரி இருக்காது. எனக்குக் கோபம் வரும். அம்மாவோ இன்னொரு தடவை படிக்கச் சொல்வாள்.

அவள் பதிலும் அப்படித்தான். "எழுது. பிடிலு நல்லா கீது. தெனம் தொடைக்கிறேன்." அவ்வளவுதான்.

அந்த ஐப்பசியில் மழை விடவே இல்லை. சித்தியின் பிரசவத்துக்கு அம்மா எண்ணூர் போனாள். மூன்று நாளைக்குத் துடைக்கிற வேலை என்னுடையது. துடைக்கத் துடைக்க மரம் பிசுபிசுத்தது. மீனிலுள்ள தண்ணீரை உப்பு இழுக்கும் என்பது எங்கள் தெருவில் கருவாடு போடாத வீட்டுப் பிள்ளைக்கும் தெரியும். இரண்டு படி கல்லுப்பைப் பிடிலைச் சுற்றிக் கொட்டிப் பெட்டியை மூடினேன்.

அம்மா வந்து திறந்தபோது உப்பெல்லாம் தண்ணீராகியிருந்தது. பிடிலின் அடிப்பலகை ஒட்டு விட்டுப் பிளந்து கிடந்தது.

பக்கத்து வீட்டு மாமா எட்டிப் பார்த்தார். "இன்னாடா, உங்க நைனா பிடில கருவாடு போட்டுட்டியா?"

அம்மா சிரிக்கவில்லை, அடிக்கவும் இல்லை.

"ஆசாரி கைல குடுத்தா ஒட்டித் தருவான்மா" என்றார் மாமா.

"வேணாண்ணே. அவரே வந்து பாக்கட்டும்" என்றவள், என்னிடம் கார்டை எடுத்து உள்ளதை எழுதச் சொன்னாள்.

இரண்டு வருஷம் வராத நைனா தை பிறக்கும் முன்பே லீவு வாங்கிக்கொண்டு வந்தார். நான் மாமா வீட்டு வலைக்குவியலுக்குப் பின்னால் ஒளிந்தேன். அவர் பிடிலைக் கேட்கவே இல்லை. ஒரு மாதம் பெட்டி பரணிலேயே கிடந்தது. சாயங்காலம் அம்மா மீன் ஆய்வாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். நான் தினமும் அடிக்குக் காத்திருந்தேன்.

கிளம்புவதற்கு இரண்டு நாள் இருக்கும்போதுதான் பெட்டியை இறக்கினார். வஜ்ஜிரப் பசையைக் காய்ச்சி, பலகையை ஒட்டி, கயிற்றால் இறுக்கிக் கட்டினார். அரைமணிகூட ஆகவில்லை.

"இவ்ளோதானா வேலை?" என்று அம்மா கேட்டாள்.

"இவ்ளோதான்" என்றார் நைனா, கயிற்றைப் பார்த்தபடி.

எனக்கு எரிச்சலாக இருந்தது. வந்த அன்றைக்கே ஒட்டியிருந்தால் இந்த ஒரு மாதமும் வாசித்திருக்கலாமே.