சங்கு சரியான நேரத்தில்தான் ஊதியது

எழுபதுகளில் புதுச்சேரியில் கைக்கடிகாரம் இல்லாதவர்கள் அதற்காக வருந்தியதில்லை. மில் சங்கு இருந்தது. சைரனை இங்கே சங்கு என்றுதான் சொல்வோம். முதல் சங்குக்கு வீட்டை விட்டுக் கிளம்பி, இரண்டாவது சங்கு ஊதி அடங்குவதற்குள் கேட்டைத் தாண்டிவிட்டால் நேரத்துக்கு வந்ததாகக் கணக்கு.

நான் அப்போது ஒரு நாளிதழின் உள்ளூர் நிருபர். ஒரு திங்கட்கிழமை, எங்கள் பகுதி மில்லில் இரண்டு சங்குமே கால் மணி நேரம் தாமதமாக ஊதின. சங்கை நம்பி வந்தவர்களுக்கு கேட் கடிகாரத்தைக் காட்டித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதில் என் அடுத்த வீட்டுக்காரரும் ஒருவர். நிரந்தரமில்லாத பதிலித் தொழிலாளி. அந்த மாதம் அவருக்கு அது மூன்றாவது தாமதம். மூன்றானால் வேலை போய்விடும்.

“இது வேலைக்கே சங்கு ஊதிட்டானுங்க, பேப்பர்காரண்ணே” என்றார் அவர் மனைவி, மீன் கழுவிக்கொண்டே கணவரைக் காட்டி. “மொத ரெண்டு தபா இது தூங்குச்சு, ஒத்துக்கறேன். இன்னிக்குத் தூங்கனது சங்கு.”

“அண்ணன்கிட்ட அந்த ரெண்ட எதுக்குடி சொல்ற?” என்றார் கணவர்.

மில்லுக்குப் போனேன். வாட்ச்மேன் விறைப்பாக நின்று, “சங்கு சரியான நேரத்தில்தான் ஊதியது” என்றார். அவர் பேசும் தமிழ் இல்லை அது. ஆபீஸ் குமாஸ்தாவும் எழுத்து மாறாமல் அதையே சொன்னார். மேனேஜர் பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர்; ஊரில் அவரை ‘ஐயா’ என்பதற்குப் பதில் ‘முசே’ என்பார்கள். வேறு விதமாகக் கேட்டுப் பார்த்தேன். அதே வாக்கியத்தைப் பிரெஞ்சில் சொன்னார். சங்கு ஊதும் பாய்லர்காரருக்கு மட்டும் பாதியில் மறந்துவிட்டது. “சங்கு சரியான... நேரத்துலதான சார்?” என்று என்னையே கேட்டார்.

நிர்வாகம் சொன்னதை ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் அனுப்பினேன். மறுநாள் காலை அச்சில் வந்தது.

அந்தப் பேப்பரோடு கணவரை அழைத்துக்கொண்டு கேட்டுக்குப் போனார் அந்த அம்மாள். திருப்பி அனுப்பப்பட்ட மற்றவர்களும் கூடவே. நானும் போனேன். மேனேஜர் வெளியே வந்ததும் அந்த அம்மாள் பேப்பரை நீட்டினார்.

“முசே, பேப்பர்ல போட்டிருக்கறது நெசமா? சங்கு சரியா?”

“சரிதான்.”

“ரெண்டாவது சங்கு அடங்கறதுக்குள்ள இது உள்ள கால வச்சிடுச்சு. வாட்ச்மேனே பாத்தாரு. அப்போ இதுவும் சரிதான?”

மேனேஜர் வாட்ச்மேனைப் பார்த்தார். தன்னைத்தான் கேட்கிறார் என்று நினைத்துக்கொண்ட வாட்ச்மேன், “சங்கு சரியான நேரத்தில்தான் ஊதியது!” என்று உரக்க ஒப்பித்தார்.

பின்னாலிருந்து ஒரு குரல்: “ஒன்ஸ்மோர்!”

சிரிப்பு அடங்கும்வரை மேனேஜர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். பிறகு, கேட் கடிகாரத்தில் ஏதோ கோளாறு இருப்பதாகத் தெரிகிறது என்றார். திங்கட்கிழமைத் தாமதம் எல்லோருக்கும் ரத்தானது.

திங்கட்கிழமை சரியான நேரம் காட்டிய அந்தக் கடிகாரத்தை அன்று பகலே இறக்கி ரிப்பேருக்கு அனுப்பினார்கள். ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றவர் என் அடுத்த வீட்டுக்காரர்.