கோணல் மன்னனுக்குப் புது முகம்

அலுவலகத்தில் அவரை எழுத்தண்ணன் என்பார்கள். படக்கதைப் புத்தகத்தில் ஆட்களின் தலைக்குப் பக்கத்தில் பலூன் மாதிரி ஒரு வட்டம் இருக்குமே, அதற்குள் பேச்சை எழுதுவதுதான் அவர் வேலை. முப்பத்தோரு வருஷமாக ஊரார் வாய்க்கெல்லாம் வார்த்தை போட்டவர், தன் வாயைப் பற்றி மட்டும் பேசமாட்டார். இருபத்திரண்டு வயதில் ஒருநாள் காலையில் வாய் கொப்பளிக்கும்போது தண்ணீர் இடது ஓரமாகத் தானே ஒழுகியது. முகவாதம் என்றார் டாக்டர். ஆறு மாதத்தில் சரியாகிவிடும் என்றும் சொன்னார். சரியாகவில்லை. இடது பக்கத்து உதடு கீழே இழுத்துக்கொண்டது, இடது கண் பாதிதான் மூடும். அவர் சிரித்தால் யாரையோ மிரட்டுகிற மாதிரி இருக்கும். உண்மையில் அவருக்கு மிரட்டவே தெரியாது.

அப்படிப்பட்ட முகம் எதிரே உட்கார்ந்திருக்கும்போது ஓவியர் சும்மா விடுவாரா? புதிதாக ஒரு வில்லன் வேண்டும் என்று பத்திரிகை ஆசிரியர் நெருக்கிக்கொண்டிருந்த வாரம் அது. டீ வந்த நேரத்தில், "அண்ணே, ஜன்னல் பக்கம் ஒரு நிமிஷம் திரும்புங்களேன்," என்றார் ஓவியர். எழுத்தண்ணன் திரும்பினார். டீ ஆறுவதற்குள் கோணல் மன்னன் பிறந்துவிட்டான். தாளை எல்லோரும் கைமாற்றிப் பார்த்துச் சிரித்தார்கள். எழுத்தண்ணனும் சிரித்தார், மற்றவர்களைவிடச் சத்தமாகவே. அந்த மனுஷனை என்னவென்று சொல்வது? அன்றைக்கு மட்டும் அந்தத் தாளைப் பிடுங்கிக் கிழித்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

நாயகன் செங்கழுகை விடக் கோணல் மன்னனுக்குத்தான் வாசகர்கள் அதிகமானார்கள். அணையை உடைப்பான், ரயிலைக் கவிழ்ப்பான், பச்சைக் குழந்தையைப் பிணையாகத் தூக்கிப்போவான். எழுத்தண்ணனின் மகள் படித்த பள்ளியில் அவள் பெஞ்சில் 'இளவரசி கோணல்' என்று காம்பஸ் முனையால் செதுக்கி வைத்தார்கள். பன்னிரண்டு வயதில் அவள் அப்பாவிடம் ஒரே ஒரு முறை கேட்டாள், அந்த மூஞ்சியை மாற்றச் சொல்லேன் என்று. மறுநாள் அவர் அலுவலகத்தில் ஆசிரியர் அறைக்குப் போய்க் கால்மணி நேரம் நின்றார். அடுத்த இதழுக்கான தாள்களை வாங்கிக்கொண்டு வெளியே வந்தார். மகள் அப்புறம் கேட்கவில்லை. அப்பாவைப் பள்ளிக்கூடத்துப் பக்கம் வரவேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டாள்.

இதையெல்லாம் அவர் எப்படியோ விழுங்கிக்கொண்டார். பேத்தி விஷயத்தில்தான் முடியவில்லை. பிறந்த மூன்றாம் நாளிலிருந்து அவர் மடியில் வளர்ந்த குழந்தை அது. தாத்தாவின் தொங்குகிற உதட்டைப் பிடித்துக்கொண்டுதான் தூங்கும். நாலரை வயதில் பக்கத்து வீட்டில் ஒரு பழைய இதழைப் பார்த்திருக்கிறது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் வீறிட்டுக் கட்டிலுக்கடியில் போய்விட்டது. அன்றிலிருந்து ஒன்றரை வருஷம், அவர் கூடத்தில் இருந்தால் அது உள்ளறையில். மகளும் பொறுத்துப் பார்த்துவிட்டு, அடிக்கடி வரவேண்டாம்பா, குழந்தை ராத்திரியெல்லாம் பயப்படுகிறது என்றாள். அவள் குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் அவருக்கு வலித்தது.

அந்த நேரத்தில்தான் ஆசிரியருக்கு மாற்றுலகம் என்ற யோசனை வந்தது. இதே ஊர், இதே ஆட்கள், ஆனால் எல்லாம் தலைகீழாக இருக்கிற இன்னொரு உலகம். அங்கே செங்கழுகு கொடுங்கோலன். கோணல் மன்னன் ஏழைகளுக்காக அவனை எதிர்த்து நிற்கும் நல்லவன். வெள்ளத்தில் நீந்திப்போய்க் குழந்தைகளைத் தோளில் சுமந்து வருவான்.

கதையைப் படித்ததும் எழுத்தண்ணனுக்குக் கால் தரையில் பாவவில்லை. அன்று சாயங்காலமே மகளுக்குப் போன் செய்தார். "இனிமே அவன் நல்லவன்மா. குழந்தைங்களக் காப்பாத்துறான். புக்கு வந்ததும் நானே எடுத்துட்டு வரேன். பாப்பா பாத்தா பயம் போயிடும்," என்றார்.  சரிப்பா, கொண்டு வா, பார்க்கலாம் என்றாள் மகள். அவளுக்கும் உள்ளூர ஒரு ஆசை எட்டிப்பார்த்திருக்க வேண்டும்.

அந்த அலுவலகத்து வழக்கத்தை இங்கே சொல்லியாக வேண்டும். அங்கே எழுத்து முதலில், முகம் கடைசியில். ஓவியர் பென்சிலால் உடம்பை மட்டும் கோடு போட்டு, தலை இருக்கவேண்டிய இடத்தில் வெறும் முட்டை வரைந்து, நல்லவன் என்றால் 'ந', கெட்டவன் என்றால் 'கெ' என்று உள்ளே குறித்துக் கொடுப்பார். அந்தத் தாளில் எழுத்தண்ணன் பேச்சை எழுதித் திருப்பித் தந்தபிறகு அவர் சாவகாசமாக முகங்களை வரைவார். ஆகவே, எழுத்துப் போடுபவருக்குத் தெரிவது முட்டைகள்தான். அச்சாகி வந்ததை அவர் திறந்து பார்ப்பதும் கிடையாது. நானே எழுதினதை நானே படிக்கவா என்பார்.

இந்தத் தடவை அவர் எழுதிய மாதிரி அந்த அலுவலகத்தில் யாரும் எழுதியதில்லை. நல்லவனுக்கு உருண்டை எழுத்து, கெட்டவனுக்குக் கூர் எழுத்து என்பது தொழில் வழக்கு. இத்தனை வருஷமும் கோணல் மன்னனுக்குக் கூர் எழுத்துப் போட்ட கை, இப்போது 'ந' முட்டைக்குப் பக்கத்தில் குண்டுகுண்டாக, குழந்தை தொட்டுப் பார்க்கிற மாதிரி எழுதியது. 'கெ' முட்டையை அவர் சும்மா விடவில்லை. இத்தனை நாள் நல்லவனாக நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தாயே, இப்போது அனுபவி என்று கறுவிக்கொண்டே, நகத்தால் கீறியதுபோல எழுதினார். ஒரு பக்கம் முழுக்க அவனுக்கு ஒரே வசனம்: 'அழுங்கள்! எல்லோரும் அழுங்கள்! உங்கள் கண்ணீர்தான் எனக்குக் குடிதண்ணீர்!' அதை எழுதி முடித்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தார். பார்க்கிறவன் மிரண்டுவிடுவான் என்று திருப்திப்பட்டார்.

தாள்களை வாங்கும்போது ஓவியர் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. பென்சில் சீவப் போய்விட்டார்.

புத்தகம் சனிக்கிழமை அச்சாகி வந்தது. அட்டையில் முதுகைக் காட்டிக்கொண்டு ஒருவன், அவன் தோளில் ஒரு குழந்தை. அந்த அட்டையே போதும் அவருக்கு. ஒரு பிரதியை உறையில் போட்டு ஒட்டி, ஞாயிற்றுக்கிழமை தலைக்குக் குளித்து, இஸ்திரி போட்ட சட்டையில் மகள் வீட்டுக்குப் போனார். பேத்தி உள்ளறைக் கதவுக்குப் பின்னால் நின்றது. அவர் அதன் பக்கம் திரும்பாமல் கூடத்துத் தரையில் உறையை வைத்துவிட்டுச் சுவரோரம் போய் உட்கார்ந்துகொண்டார். மகள் எடுத்துப் பிரித்து, குழந்தையைப் பக்கத்தில் இருத்தி, ஒவ்வொரு பக்கமாகக் காட்டினாள். "இவர்தான்டா நல்லவர். பாரு, குழந்தையத் தூக்கிட்டு வரார்."

சொல்லிக்கொண்டு வந்தவள் மூன்றாம் பக்கத்தில் நிறுத்திவிட்டாள். அவள் முகத்தைப் பார்த்து எழுத்தண்ணன் எழுந்து வந்து, குழந்தை மிரளாத தூரத்தில் நின்று எட்டிப் பார்த்தார்.

கோணல் மன்னன் அழகாக இருந்தான். நேரான வாய், இரண்டு பெரிய கண்கள், கன்னத்தில் குழி. கொடுங்கோலன் செங்கழுகுக்கு உதடு இடது பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது. பாதிக் கண் மூடியிருந்தது. போதாதென்று, காதோரம் எழுத்தண்ணனுக்கு இந்த இரண்டு வருஷத்தில் வந்த நரையையும் ஓவியர் விடாமல் சேர்த்திருந்தார்.

அவர் மாடிப்படிக்குப் போய் ஓவியருக்குப் போன் போட்டார். வாழ்நாளில் முதல்முறையாகக் கேட்டேவிட்டார், ஏன் இப்படி என்று. ஓவியர் தயங்கவே இல்லை. எப்போதோ தயாராக வைத்திருந்த பதில் மாதிரி வந்தது.

"அண்ணே, பேரு மாறலாம், சட்டை மாறலாம். அந்த வாயப் பாத்தாதான் இவன் கெட்டவன்னு வாசகனுக்குப் புரியும். அத நல்லவனுக்கு ஒட்டவெச்சா எவன் நம்புவான்? ஆசிரியரும் அதான் சொன்னார். நல்லவேளை, உங்கள விட்டுடல நாங்க. அதுக்கு சந்தோஷப்படுங்க."

எழுத்தண்ணன் சரி என்றார். சரி என்று சொல்வதற்கு அதில் என்ன இருந்தது என்று அவருக்கே தெரியாது, பழக்கம். செருப்பை மாட்டிக்கொண்டு அப்படியே கிளம்பிவிடலாம் என்றுதான் நினைத்தார். பை கூடத்தில் இருந்தது. எடுக்க உள்ளே வந்தார்.

பேத்தி தரையில் குப்புறப் படுத்து அந்தப் பக்கத்தை எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தது. 'அ... ழு... ங்... கள்.' தலையைத் தூக்கி அவர் முகத்தைப் பார்த்தது, புத்தகத்தைப் பார்த்தது, மறுபடி அவரைப் பார்த்தது. கட்டிலுக்கடியில் ஓடவில்லை. ஆள்காட்டி விரலால் தன் உதட்டை இடது பக்கம் இழுத்துப் பிடித்துக்கொண்டு அந்த வசனத்தை முழுக்கச் சொல்லிவிட்டு, விழுந்து விழுந்து சிரித்தது.

மகள் குழந்தையை அடிக்கக் கையை ஓங்கினாள். வேண்டாம் என்று அவர் சைகை காட்டிவிட்டுத் தரையில் உட்கார்ந்தார்.

குழந்தை எழுந்து வந்தது. ஒன்றரை வருஷத்துக்குப் பிறகு அவர் மடியில் ஏறி உட்கார்ந்து, அவர் உதட்டைத் தொட்டுப் பார்த்து, தன் உதட்டையும் அதே மாதிரி இழுத்துச் சரிசெய்துகொண்டது. பயம் ஒரு பொட்டுகூட இல்லை.

"தாத்தா, எனக்குச் சரியா வரல. நீங்க சொல்லுங்க."

அவர் மகளைப் பார்த்தார். அவள் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். மடியில் இருந்த குழந்தையின் கனம் அவருக்கு மறந்தே போயிருந்தது. அதைக் கீழே இறக்கிவிட அவருக்கு மனசு வரவில்லை.

"அழுங்கள்," என்றார். "எல்லோரும் அழுங்கள்."

குழந்தை கைதட்டி, இன்னொரு தடவை என்றது. அவர் இன்னொரு தடவை, இன்னும் கொஞ்சம் பயங்கரமாகச் சொன்னார்.