மூன்று கிலோமீட்டரில் காணாமல் போன ஜெப்ஸி

ஜெபசுதாவுக்குப் புருஷன் மேல் கோபம் வந்தால் மிக்ஸி அதிகம் ஓடும். அந்த வாரம் வீட்டில் அரைக்க ஒன்றும் மிச்சமில்லை.

புருஷன் ஜாபேஸுக்குச் சரக்குக் கப்பலில் இன்ஜின் ரூம் வேலை. மகள் ஜெப்ஸிக்கு முப்பது நாள் ஆனபோது கப்பலேறினான். இப்போது அவளுக்கு எட்டு மாதம். போகுமுன் பழைய கம்ப்யூட்டரைப் பீரோ மேல் ஏற்றி, மகளுக்கென்று ஒரு பெயர் வைத்து வெப்சைட் தொடங்கினான். “எம்புள்ள சிரிப்ப எவனோ ஒருத்தன் கம்பெனில எதுக்கு வைக்கணும்? நம்ம வீட்டுலயே இருக்கட்டும்” என்றான். ஜெபசுதா தினமும் ஒரு வீடியோ ஏற்றுவாள். சிக்னல் கிடைக்கிற துறைமுகத்தில் அவன் திறந்து பார்ப்பான்.

மூன்று வாரமாக அவனிடமிருந்து ஒரே பதில்: “தொறக்கல சுதா.”

வெப்சைட்டைத் திறக்க அவன் தட்டுவது அதன் பெயர், வீட்டில் அவள் தட்டுவது ஒரு நம்பர். அதையே அவனுக்கு அனுப்பினாள். அதுவும் திறக்கவில்லையாம். பக்கத்து வீட்டு பிளாரன்ஸ் அக்காவைத் திறக்கச் சொன்னாள், திறந்தது. எதிர்வீட்டு இசக்கிசெல்வி மொட்டைமாடியில் நின்று பார்த்தாள், அங்கேயும் திறந்தது.

“ஏளா, தெருவே பாக்குது, பெத்தவனுக்கு மட்டும் தொறக்கலையாமா? வேற என்னத்தப் பாத்துட்டுக் கெடக்கானோ!” என்றாள் பிளாரன்ஸ். சிரிக்கத்தான் சொன்னாள். ஜெபசுதா துவையலை இன்னொரு சுற்று ஓட்டினாள். அன்று சாயங்காலமே அவனுக்குப் பேசி அனுப்பினாள்: “பாக்க மனசில்லன்னா அதச் சொல்லுங்க. பொய் சொல்லாதீங்க.”

பதில் இல்லை. கப்பல் சிங்கப்பூரில் நின்றது. திங்கள் ராத்திரி கிளம்பினால் பதினெட்டு நாள் சிக்னல் கிடையாது.

அந்தத் திங்கட்கிழமை, நீட்டி வாங்கிய பிரசவ லீவு முடிந்து வேலைக்குப் போனாள். ஹார்பர் பக்கம் ஏற்றுமதிக் காகிதம் எழுதும் ஆபீஸ். வீட்டிலிருந்து மூன்று கிலோமீட்டர். பிள்ளையை பிளாரன்ஸிடம் விட்டுவிட்டு வந்தவளுக்குப் பதினோரு மணிக்கெல்லாம் மார்பு கனத்தது. நேற்றைய வீடியோவையாவது பார்ப்போம் என்று செல்போனை எடுத்து நம்பரைத் தட்டினாள்.

சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. ஜாபேஸ் வைத்த பெயரைத் தட்டினாள். அதற்கும் அதே சுற்றுத்தான். மூன்று கிலோமீட்டரில் பிள்ளை காணாமல் போய்விட்டாள்.

எதிர் சீட்டில் ஷாம். ஆபீஸ் கம்ப்யூட்டர்களுக்கு வைத்தியம் பார்ப்பவன் அவன்தான். வாங்கிப் பார்த்தான்.

“அக்கா, இந்த நம்பர் வீட்டுக்குள்ள மட்டுந்தான் செல்லும். ஒங்க வைஃபையப் பிடிச்சிருந்தாத் தொறக்கும். வெளிய உள்ளவங்களுக்கு அந்தப் பேருதான்.”

“தெருவுல எல்லாருக்கும் தொறந்துச்சேலே!”

“ஒங்க வைஃபை பாஸ்வேர்டு எத்தன பேருகிட்ட இருக்கு?”

யோசித்துப் பார்த்தாள். பிளாரன்ஸ், இசக்கிசெல்வி, கடைக்கார அண்ணாச்சி, தண்ணீர் கேன் போடுகிறவர்கூட.

“அப்ப மொத்தத் தெருவும் ஒங்க வீட்டுக்குள்ளதான் இருக்கு. அத்தான் மட்டுந்தான் வெளிய நிக்காவ.”

ஷாம் சிரித்தான். ஜெபசுதாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

“மோடத்த மாத்துனியளா?”

மாற்றியிருந்தாள். மூன்று வாரத்துக்கு முன் இடி விழுந்து பழையது போய், கேபிள்காரர் புதுசு வைத்துவிட்டுப் போனார். ‘வெளியிலிருந்து வருகிறவர்களைப் பீரோ மேல் உள்ள கம்ப்யூட்டரிடம் அனுப்பு’ என்று பழைய மோடத்தில் ஜாபேஸ் எழுதி வைத்திருந்தான். புதுசுக்கு அது தெரியாது. வந்தவனை வாசலோடு திருப்பி அனுப்பியது, பெற்ற தகப்பனையும் சேர்த்து.

வேலைக்குத் திரும்பிய முதல் நாளே அரைநாள் லீவு. மேனேஜர் முகம் போன போக்கைப் பார்க்க அவள் நிற்கவில்லை. ஷாம் எழுதிக் கொடுத்த துண்டுச் சீட்டோடு ஆட்டோ பிடித்தாள். வீட்டில், மடியில் பிள்ளை பால் குடிக்க, ஒற்றைக் கையால் அந்த உத்தரவைப் புது மோடத்தில் எழுதினாள். செல்போனில் வைஃபையை அணைத்துவிட்டுப் பெயரைத் தட்டினாள். திரையில் வாயெல்லாம் கூழோடு ஜெப்ஸி வந்தாள்.

“இப்பப் பாருங்க. பொய்யின்னு சொன்னது என் தப்பு” என்று அனுப்பினாள்.

யார் வந்தார்கள், எதைப் பார்த்தார்கள் என்று கம்ப்யூட்டர் வரிவரியாகக் குறித்து வைக்கும் இடத்தையும் ஷாம் சொல்லியிருந்தான். அதைத் திறந்து வைத்து உட்கார்ந்தாள். நாலு மணி சுமாருக்கு வெளிநாட்டு நம்பர் ஒன்று உள்ளே வந்தது, ஜாபேஸ்தான். தவழும் வீடியோ, ஒரு தடவை. முதல் பல், ஒரு தடவை. அடுத்து, அவள் தவறுதலாக ஏற்றிய பத்தொன்பது விநாடி. அதில் பிள்ளையே இல்லை, மின்விசிறி சுற்றும், அவள் குரல் கேட்கும்: “எக்கா, பால் பொங்குது, ஓடியாங்க!”

அதை மறுபடி கேட்டான். மறுபடியும். அதற்கு மட்டும் ஏழாவது வரி விழுந்தது.

கூப்பிடலாம்தான். கூப்பிட்டால் கேட்பதை நிறுத்திவிடுவான். பிள்ளையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு திரையைப் பார்த்திருந்தாள். எட்டாவது வரி வந்தது.