தண்ணீர்த் தொட்டிக்குக் குரல் கொடுத்தவர்கள்

ஓசூரில் ஒரு தனியார் பள்ளியில் பதினோராம் வகுப்புக்கு வரலாறு எடுக்கிறேன். முதல் உலகப்போருக்கு முந்தைய கூட்டணிகளை எப்படி விளக்கினாலும் பிள்ளைகளுக்கு ஏறவில்லை. அதனால் ஒரு ஜப்பானிய அனிமேயைத் திரையில் போட்டேன். அதில் நாடுகளெல்லாம் மனிதர்கள்; ஒரே ரயில் பெட்டியில் பயணம். ஒருவர் இருக்கை முழுக்க மூட்டையைப் பரப்பிவிட்டு இடமில்லை என்பார். இன்னொருவர், நண்பனை யார் தொட்டாலும் அடிப்பேன் என்று சத்தியம் செய்துவிட்டு, யாரும் தொட்டுவிடக் கூடாதே என்று வேர்த்துக்கொண்டிருப்பார்.

வகுப்பே சிரித்தது. சிரிப்பு அடங்கியதும் ஒரு மாணவி கேட்டாள்: "மிஸ், இதுல யாருமே சண்டைய விரும்பலையே. அப்புறம் எப்படி வந்துச்சு?"

அந்தக் கேள்விக்குப் பிறகு, அவர்களையே இப்படி ஒன்று தயாரிக்கச் சொன்னேன். ஒரே நிபந்தனை: எதிர்த்தரப்புக்குத்தான் குரல் கொடுக்க வேண்டும். ஒரே தண்ணீர்த் தொட்டிக்காக அடித்துக்கொள்ளும் மாடிவீட்டையும் கீழ்வீட்டையும் அவர்கள் வரைந்தார்கள். எந்த இரு மாநிலங்கள் என்று யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை.

அந்த வாரமே காவிரிப் பிரச்சினை சூடேறியது. மாநில எல்லையான ஜூஜூவாடியோடு பேருந்துகள் திரும்பின. யாரோ அந்தப் படத்திலிருந்து ஒரு துண்டை மட்டும் வெட்டி வாட்ஸப்பில் விட்டிருந்தார்கள். மாடிவீட்டுக்காரர் "நீரு கொடல்ல, ஹோகு" என்று கன்னடத்தில் கீழ்வீட்டாரை விரட்டும் இடம்.

மதிய உணவு நேரத்தில் ஏழெட்டுப் பேர் பள்ளி வாசலுக்கு வந்துவிட்டார்கள்.

"தண்ணி தரமாட்டேன்னானே அந்தக் கன்னடப் பையன், அவன வெளிய அனுப்புங்க."

தலைமையாசிரியை என் காதருகே, "மன்னிப்புக் கேக்க வெச்சு முடிச்சிடலாம்" என்றார். வாசலில் நின்றவர்களிடம், முழுப் படத்தையும் பாருங்கள் என்றேன். ஒருவர் கைப்பேசியை உயர்த்தி என்னைப் படம்பிடிக்கத் தொடங்கினார்.

"அது நாந்தாங்க."

பின்னால் திரும்பினேன். என் மாணவன் நின்றிருந்தான். நான் அழைக்கவில்லை.

"நீ எந்த ஊரு?"

"நாட்றாம்பாளையங்க. எங்கப்பா ராகி போடறாரு. நாங்க தமிழுதான். கன்னடம் ஊர்ல பேசிப் பழகுனது."

"அப்ப கீழ்வீட்டுல தமிழ்ல கெஞ்சறது யாரு?"

அன்று கேள்வி கேட்ட மாணவி அவனருகில் வந்தாள். "நாந்தாண்ணா. எங்க வீட்ல கன்னடம்."

கூட்டத்திலிருந்த ஒரு பெரியவர் மடிக்கணினியைக் காட்டச் சொன்னார். நின்றபடியே பார்த்தார்கள். முடிவில் இரு வீட்டாரும் மேலேறிப் பார்க்கும்போது தொட்டி காலியாக இருக்கும். அதன் பிறகும் சண்டை ஓயாது. யாரும் சிரிக்கவில்லை.

"படிக்கிற எடத்துல இதெல்லாம் எதுக்கும்மா?" என்றபடி பெரியவர் திரும்பினார். படம்பிடித்தவர் மட்டும் நகராமல் அவளைக் கேட்டார்: "உங்க வீடு எங்க இருக்கு?"

"அவ சொல்லமாட்டா. நானும் சொல்லமாட்டேன்" என்றேன். என் குரல் எனக்கே உரக்கக் கேட்டது. பெரியவர் அவர் தோளைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.

பேருந்துகள் மறுபடி ஓடும்வரை அவள் பள்ளிக்கு வரவில்லை. பிறகு அவளை அவள் அப்பா அழைத்துவந்தார், தொழிற்சாலைச் சீருடையிலேயே. மாற்றுச் சான்றிதழ் கேட்கப்போகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் படத்தைப் போடச் சொல்லி இரண்டு தடவை பார்த்தார்.

"நல்லாத்தான் பேசியிருக்கா. ஆனா இனிமே அவ குரல் எதுலயும் வேணாம் மிஸ்."

சரியென்றேன். வேறென்ன சொல்ல முடியும்? நிர்வாகம் திரையையும் கழற்றிவிட்டது.

வெர்சாய் உடன்படிக்கைப் பாடம் வந்தபோது பெஞ்சுகளை வட்டமாகப் போட்டு, ஆளுக்கொரு நாடு பிரித்துக் கொடுத்தேன். அவளிடம் எதுவும் கேட்கவில்லை. அவளாகவே எழுந்து வெளியே போய் வராந்தாவில் நின்றாள். பதறிப்போய்ப் பின்னாலேயே ஓடினேன்.

"என்னாச்சும்மா?"

"தோத்த நாட்டப் பேச்சுக்கே கூப்புடலன்னு புக்குல இருக்கே மிஸ். இங்க யாராவது நிக்கணும்ல?"

நான் உள்ளே திரும்பினேன். உடன்படிக்கை தொடங்கியது. பேசியவர்கள் ஒவ்வொருவரும் கதவைப் பார்த்துப் பார்த்துத்தான் பேசினார்கள்.