மாசமானவளுக்கு மட்டும் முட்டை

அந்தத் தையல்காரியின் உடம்பின் மேல் குடும்பத்துக்கு அக்கறை வந்ததே அவள் கருவுற்ற பிறகுதான். பிறந்த வீட்டில் முட்டையெல்லாம் அண்ணன்களுக்கு. "வளர்ற பசங்க" என்றார்கள். அவள் என்ன, குட்டையாகிக்கொண்டா இருந்தாள்? கல்யாணமாகி மாசமானதும் மாமியார் பாலும் முட்டையும் சத்து மாத்திரையுமாகத் தாங்கினார். பிள்ளை பெற்ற கையோடு வயிறும் தட்டும் சேர்ந்தே காலியாயின. பெண் குழந்தை, எடையும் குறைவு.

"தாய்க்கு ரத்தமே இல்ல. இது சின்ன வயசிலேருந்தே வர்ற குறை," என்றார் நர்ஸம்மா. மாமியார், அந்த மாத்திரையை விற்ற கடைக்காரரைத் திட்டிவிட்டு நிம்மதியானார்.

மகளுக்குப் பன்னிரண்டு வயதானபோது, தையல்காரி அவள் தட்டில் ஒரு முட்டையை வைத்தாள்.

"இவ என்ன மாசமாவா இருக்கா?" என்றார் மாமியார்.

"இல்ல அத்தை. உங்க கொள்ளுப்பேரனுக்கு இப்பவே ஊட்டுறேன். கடைசி நேரத்துல ஊட்டினா ஒட்ட மாட்டேங்குதே!"

மாமியாருக்குக் கண்ணெதிரே இருக்கும் பேத்தியைவிட, இன்னும் பிறக்காத அவன்மேல் பாசம் பொங்காதா என்ன? மறுநாள் அவரே இரண்டு முட்டை அவித்து வைத்தார். ஒன்று பேத்திக்குப் போனது. இன்னொன்றைத் தையல்காரி யாரையும் கேட்காமல் உரித்துத் தின்றாள்.